வஜ்ரம் உரித்த கண்ணாடி

தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் வஜ்ரப் பசையைச் சூடாகக் கண்ணாடிப் பலகையில் ஊற்றிக் காயவிட்டால், அது காய்ந்து சுருங்கும்போது கண்ணாடியின் மேல்படலத்தையும் பிய்த்துக்கொண்டு எழும். பிய்ந்த இடமெல்லாம் பெரணி இலை வடிவங்கள் கிளை கிளையாக ஓடியிருக்கும். வெளிச்சம் உள்ளே வரும், ஆனால் உள்ளே இருப்பவர் முகம் வெளியே தெரியாது. ஆசிட் வேண்டாம், அச்சு உருளை வேண்டாம், உளியும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வங்கி, ஓட்டல், மதுக்கூடக் கதவுகளிலும் கடைப் பெயர்ப்பலகைகளிலும் இந்த வேலை பெருவழக்காக இருந்தது. கையால் கண்ணாடிப் பலகை எழுதுகிறவர்கள் அங்கேயும் இங்கிலாந்திலும் இன்றும் இதைச் செய்கிறார்கள்.

நம் ஊர்க் கண்ணாடிக் கடைகளில் எட்சிங் உண்டு, சாண்ட் பிளாஸ்டிங் உண்டு. வஜ்ரம் உரிக்கும் வேலையைப் பழக்கமாகச் செய்கிறவர்கள் அரிது. ஆனால் இதற்குத் தமிழ்நாட்டில் பொருத்தமான இடம் எது என்று கேட்டால், ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் பட்டை என்றுதான் சொல்வேன். ஊக்கம் கொடுக்க இதைச் சொல்லவில்லை, இரண்டு காரணங்கள் இருக்கின்றன. இந்த வேலைக்கு உயிரான வஜ்ரம் தோலிலிருந்து வருவது. அதைச் சரியாகக் காயவைக்க வேண்டிய உலர்ந்த வெப்பமும் இங்கே மாதக்கணக்கில் கிடைக்கிறது. கடலோரச் சென்னையில் விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்து உண்டாக்க வேண்டிய நிலையைப் பாலாற்றங்கரை ஊரின் மொட்டைமாடி அறை சித்திரை, வைகாசியில் தானாகவே கொடுத்துவிடும்.

கண்ணாடி வேலை தெரிந்தவர்கள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பதுதான். இங்கே கோலம் போடுவது கை அல்ல, வஜ்ரமும் அது காயும் வேகமும். ஆகவே முதலில் வஜ்ரம்.

தோலிலிருந்து வஜ்ரம் வரை

டேனரியில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்குவார்கள். பிறகு உட்புறத்துச் சதையையும் ஜவ்வையும் சீவி எடுப்பார்கள். ஓரம் சாரமாக வெட்டுகிற துண்டுகளும் சேரும். இன்னும் பதனிடாத இந்தக் கழிவில் கொலாஜன் என்ற புரதம் நிறைய இருக்கிறது. அதைக் கழுவி, சுண்ணாம்பை நீக்கி, தண்ணீரில் மிதமான சூட்டில் வேகவைத்தால் கொலாஜன் கரைந்து இறங்கும். அந்தக் கரைசலை ஆறவைத்து உறையவிட்டு, வலையில் உலர்த்தினால் வஜ்ரம். குரோம் பதனிட்ட பிறகு விழும் நீலத் துண்டுகள் இதற்கு ஆகாது. குரோமியம் கொலாஜன் இழைகளைத் தைத்துக் கட்டிவிடுவதால் அவை சும்மா வேகவைத்தால் கரையாது. கரைத்தாலும் குரோமியம் கூடவே வரும்.

ஒரே துண்டுகளை அடுத்தடுத்து நாலைந்து தடவை வேகவைத்து வடிப்பார்கள். குறைந்த சூட்டில் இறங்கும் முதல் வடிப்பே வலுவானது. அடுத்தடுத்த வடிப்புகளுக்குச் சூட்டைக் கூட்ட வேண்டியிருக்கும். புரதச் சங்கிலிகள் அறுபட அறுபட நிறம் கறுக்கும், வலு குறையும். நமக்கு வேண்டியது முதல் வடிப்பு. கடைசி வடிப்பு அட்டைப்பெட்டி ஒட்டப் போதும், கண்ணாடியைப் பிய்க்காது.

வஜ்ரத்தின் வலுவைப் புளூம் என்ற அளவில் சொல்வார்கள். உறைந்த கூழின் மேல் ஒரு சிறு உருளை குறிப்பிட்ட ஆழம் இறங்க எத்தனை கிராம் எடை வேண்டும் என்பதே அந்த எண். அந்தக் கருவியை அமைத்த ஆஸ்கர் புளூமின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. மரவேலைக்கு 190 சொச்சம் தாராளம். கண்ணாடி உரிக்க 250 அல்லது அதற்கு மேல் கேளுங்கள். மூட்டையில் எண் அச்சிட்டிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

கடையில் நிற்கும்போதே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. ஒரு வில்லையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெளிர் தேன் நிறத்தில், மறுபக்கத்து விரல் நிழலாகத் தெரிய வேண்டும். ஒடித்தால் சட்டென்று கூர்மையாக முறிய வேண்டும், வளைந்து நார் நாராகப் பிரியக் கூடாது. மூக்கருகே கொண்டுபோனால் லேசான தோல் வாடை இருக்கலாம், அழுகல் வீச்சம் கூடாது. "பாய், மரத்துக்கு இல்ல, கண்ணாடி வேலைக்கு. முதல் வடிப்பு சரக்கா கால் கிலோ மட்டும் கொடுங்க, பார்த்துட்டு மீதிக்கு வரேன்" என்று கேட்டு வாங்குங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் 10 கிராம் வஜ்ரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போடுங்கள். காலையில் அது தண்ணீரைக் குடித்து உப்பி, உருக்குலையாமல் துண்டாகவே இருக்க வேண்டும். தண்ணீர் கலங்கிக் கொழகொழத்துப் போயிருந்தால் அது கடைசி வடிப்பு. இன்னொரு சோதனையைத் தவறாமல் செய்யச் சொல்வேன். கொஞ்சம் வஜ்ரத்தைக் காய்ச்சி, துணிக்குப் போடும் சாயத்தூள் ஒரு சிட்டிகை கலந்து, வெள்ளைத் தாளில் தூரிகையால் ஒரு பட்டை இழுங்கள். பட்டை ஒரே சீராக இருந்தால் சரி. நடுநடுவே சாயம் விலகி வட்ட வட்டமாகக் கண் விழித்திருந்தால் வஜ்ரத்தில் கொழுப்பு இருக்கிறது. சீவிய ஜவ்வோடு வரும் கொழுப்பைச் சரியாக வழித்தெடுக்காத சரக்கு அது. தாளில் கண் விழுந்த மாதிரியே கண்ணாடியிலும் விழும், அந்த வட்டங்களில் வஜ்ரம் பிடிக்காது.

பக்கத்தில் டேனரி இருக்கிறது, கழிவு சும்மா கிடைக்கிறது, நாமே காய்ச்சலாமே என்ற எண்ணம் இந்தப் பகுதியில் எளிதில் வரும். வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும் கழிவில் சோடியம் சல்பைடு கலந்திருக்கும். அதில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும், மூடிய இடத்தில் அது ஆளைக் கொல்லும். அந்தக் கழிவுநீரை வாசல் சாக்கடையில் விடுவதும் பாலாற்றுக்குச் செய்யும் இன்னொரு கேடு. இந்தப் பகுதித் தோல் தொழிலின் மாசு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பு அது. முறையாகச் சுத்திகரிப்பு வைத்து வஜ்ரம் காய்ச்சும் ஆலையில் வாங்குங்கள். அழுகிக் குவியவேண்டிய கழிவுக்கு ஒரு நல்ல முடிவு கிடைத்தது என்ற திருப்தியோடு வாங்கலாம்.

ஃபெவிகால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் இளகிக் கொடுக்கும் தன்மையோடு இருக்கும், கண்ணாடியோடு மல்லுக்கட்டாது. 1959இல் ஃபெவிகால் வந்து, பிறகு ஊரெங்கும் பரவியதும் ஆசாரிகளின் வஜ்ரச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. அவர்களுக்கு அது நிம்மதி. கண்ணாடிக்கு மட்டும் வஜ்ரத்துக்கு மாற்று இல்லை.

ஏன் பிய்கிறது

பறையைத் தீயில் காட்டும்போது தோல் இறுகிக் குரல் ஏறுவதைக் கேட்டிருப்பீர்கள். ஈரம் வெளியேற வெளியேறக் கொலாஜன் சுருங்குகிறது, சட்டத்தில் கட்டியிருப்பதால் சுருங்க இடமில்லாமல் இழுவிசை ஏறுகிறது. கண்ணாடி மேல் ஊற்றிய வஜ்ரத்துக்கும் இதே கதை, சட்டத்துக்குப் பதில் அதைப் பிடித்து வைத்திருப்பது கண்ணாடியின் சொரசொரப்பு. கண்ணாடி நெருக்கும் விசையை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. பிடிப்பு விடுவதற்கு முன்பே கண்ணாடி தோற்றுப்போனால், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு விரிசல் ஓடிச் சில்லு எழும். பிடிப்பு முதலில் விட்டால் வஜ்ரம் வெறும் பக்காகக் கழன்று வந்துவிடும், கண்ணாடி அப்படியே இருக்கும். கீழே சொல்லும் முன்னேற்பாடுகள் எல்லாமே பிடிப்பு விடாமல் காப்பதற்குத்தான்.

பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பால் கய்யெத்தே ஆக்சிஜனைத் திரவமாக்கியதற்காகப் பெயர் பெற்றவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இந்த வஜ்ர விஷயத்தையும் ஆராய்ந்து எழுதினார். கண்ணாடி மட்டுமல்ல, மெருகேற்றிய பளிங்கின் மேற்பரப்பையும் வஜ்ரம் கிழிக்கும் என்று கண்டார். வஜ்ரத்தில் உப்புகளைக் கரைத்தால் கோலம் மாறும் என்பதும் அந்தக் காலத்துச் செய்முறைகளில் வருகிறது. படிகாரம் அவற்றில் முக்கியமானது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கண்ணாடியும் மணலும்

பிளெயின் கண்ணாடி வாங்குங்கள், 5 அல்லது 6 மி.மீ. தடிமன். 4 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். சில்லு எழுந்த இடத்தில் கண்ணாடி மெலிந்துவிடும். ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஃப்ளோட் கண்ணாடி உற்பத்தியாகிறது. அதனால் வேலூர் நெடுஞ்சாலைக் கடைகளில் நல்ல கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. டஃபன்ட் கண்ணாடி கூடவே கூடாது. அதன் மேற்பரப்பு அழுத்தத்தில் இறுக்கி வைக்கப்பட்டது, அந்தப் படலத்தைக் குலைத்தால் பலகை முழுவதும் பொடிப்பொடியாகச் சிதறலாம். படிக்கட்டுக் கைப்பிடி, குளியலறைத் தடுப்பு போன்று பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டிய இடங்களுக்கு இந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெட்டி, ஓரம் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டுங்கள். பிளாட்டரில் வெட்டித் தரும் வினைல் ஸ்டிக்கர் போதும். எந்த இடம் உரிய வேண்டுமோ அங்கே மட்டும் ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள். கண்ணாடியின் நாலு ஓரத்திலும் அரை அங்குலம் ஸ்டிக்கர் இருக்கட்டும். ஓரம்வரை வஜ்ரம் போனால் சில்லு ஓரத்தையும் கடித்துக்கொண்டு போய்விடும், பிறகு சட்டத்தில் உட்காராது.

இனி மணலடிப்பது. பெயர்தான் மணல், ஆற்று மணலோ கடல் மணலோ போடாதீர்கள். அதன் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற நோயைத் தரும், அதற்குத் தீர்வான மருந்து இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே அதைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. அலுமினியம் ஆக்சைடு அல்லது கார்னெட் வாங்குங்கள், 80 முதல் 120 வரை உள்ள பருவெட்டு. கார்னெட் நம் தென்கடற்கரை மணலிலேயே இருக்கும் தாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை ஆலை பிரித்தெடுக்கும் தாதுக்களில் அதுவும் ஒன்று. எந்தப் பொடி போட்டாலும் மூடிய பெட்டிக்குள் அடியுங்கள், முகமூடி கட்டாயம். வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொள்வது முகமூடி ஆகாது.

காற்றழுத்தம் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. போதும். ஒரே இடத்தில் நிற்காமல், வரிசை வரிசையாக, மேலிருந்து கீழும் பக்கவாட்டிலும் ஓட்டுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு எங்கேயும் ஒளிந்திருக்கக் கூடாது. பளபளக்கும் ஒரு சிறு புள்ளியும் பிடிப்பில்லாத இடம். அடித்து முடித்த பரப்பைத் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் கடைசியில் விரல் அடையாளமாகவே நிற்கும். காற்றாலோ சுத்தமான தூரிகையாலோ தூசி தட்டினால் போதும்.

காய்ச்சலும் பூச்சும்

எடைக்கு எடை அளந்து போடுங்கள். 1 பங்கு வஜ்ரம், 1.5 பங்கு தண்ணீர் என்று தொடங்கி, கெட்டியாக இருந்தால் 2 பங்கு வரை போகலாம். ஒரு சதுர அடி கண்ணாடிக்கு 60 முதல் 75 கிராம் உலர் வஜ்ரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வஜ்ரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, முழுக்க உப்பிய பிறகே சூடு காட்ட வேண்டும். பொடியானால் சில மணி நேரம், வில்லையானால் இரவு முழுவதும் ஊறட்டும்.

நேரே அடுப்பில் வைத்தால் அடி பிடித்து வலு போய்விடும். ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்காமல் சூடேறட்டும், அதற்குள் வஜ்ரப் பாத்திரம் உட்காரட்டும். 60 டிகிரி செல்சியஸ் இலக்கு, 70ஐத் தாண்ட விடாதீர்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய முயல வேண்டாம், கண்ணுக்கு 60க்கும் 80க்கும் வித்தியாசம் தெரியாது, வஜ்ரத்துக்குத் தெரியும். கரண்டியைத் தூக்கினால் அறுபடாத மெல்லிய பட்டையாக வழிய வேண்டும். அடித்துக் கலக்காதீர்கள், காற்றுக்குமிழி உள்ளே போகும். மேலே நுரை நின்றால் கரண்டியால் வழித்துவிட்டு, கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள்.

இதற்குள் கண்ணாடி மேசைமேல் சமமாக இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், நீளவாக்கிலும் அகலவாக்கிலும். சரிவு இருந்தால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும், கோலமும் பாதிக்குப் பாதி வேறாகிவிடும். கண்ணாடி ஜில்லென்று இருந்தால் வஜ்ரம் ஊற்றிய இடத்திலேயே உறைந்து திட்டுத் திட்டாகும். அதனால் அறைச்சூட்டுக்குச் சற்று மேலே வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அகலத் தூரிகையால் முதலில் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து மணலடித்த குழிகளுக்குள் வஜ்ரத்தை இறக்குங்கள். உடனே மேலே ஊற்றி ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. தடிமனுக்குப் பரப்புங்கள். ஸ்டிக்கர் மேல் ஏறியதை ஈரமாக இருக்கும்போதே ஒரு பிளேடால் வழித்துவிடுங்கள். தடித்த பூச்சு பெரிய இலைகளையும் மெல்லிய பூச்சு சிறு இலைகளையும் தரும். ஒரு மி.மீ.க்கும் கீழே போனால் பிய்க்கும் பலமே இருக்காது.

படிகாரத்துக்கு வருவோம். பழைய செய்முறைகளில் வஜ்ரத்தின் எடைக்கு 6 சதவீதம் படிகாரம் சொல்லப்பட்டிருக்கிறது. பதனிடுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியமிருக்காது. படிகாரம் தோலையே பதப்படுத்தப் பழங்காலம் தொட்டுப் பயன்பட்ட பொருள், வஜ்ரத்திலும் கொலாஜன் இழைகளைக் கொஞ்சம் கட்டிப்போடுகிறது. நீண்ட இலைகளுக்குப் பதில் நெருக்கமான சிறு கோலங்கள் வரும். ஆனால் அளவு கூடினால் வஜ்ரம் பாத்திரத்திலேயே தடித்துவிடும், கழுவும்போதும் எளிதில் கரையாது. படிகாரம் போடாமல் கை பழகிய பிறகு இதைத் தொடுங்கள்.

காய்ச்சிய வஜ்ரத்தை ஓரிரு முறைக்கு மேல் திரும்பச் சூடாக்க வேண்டாம். ஒவ்வொரு சூட்டிலும் வலு இறங்கும். ஈர வஜ்ரம் இரண்டு நாள் வெளியில் இருந்தால் நாறும், நாறியது உரிக்காது.

காயவைப்பது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் இரண்டு முறை படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். காய்வது இரண்டு கட்டம். இரண்டையும் ஒன்றாக்க நினைப்பதால்தான் பெரும்பாலான பலகைகள் வீணாகின்றன.

முதல் கட்டம் நிழலில். வஜ்ரம் அடிவரை ஒரே சீராக ஈரத்தை விட வேண்டும். சாதாரண அறையில், நேர் வெயிலும் நேர்க்காற்றும் படாமல், சுமார் ஒரு நாள் ஆகும். ஊற்றியவுடன் மொட்டைமாடி வெயிலில் வைத்தால் மேலே தோல் கட்டிவிடும், அடியில் ஈரம் சிறைப்படும். அந்த வஜ்ரம் பிறகு எவ்வளவு காய்ந்தாலும் கோணல்மாணலாகத்தான் எழும். கோடையில் வேலூர் அறைகளே 35 டிகிரியைத் தாண்டும். அதனால் வஜ்ரத்தை மாலையில் ஊற்றி, இரவின் மிதமான சூட்டில் முதல் கட்டம் நடக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. நகத்தால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். பதனிட்ட அடித்தோல் போலக் கெட்டியாக, நகம் பதியாமல், ஆனால் இன்னும் லேசாக வளையும் நிலையில் இருந்தால் முதல் கட்டம் முடிந்தது. இப்போது ஸ்டிக்கரை உரித்துவிடலாம்.

இரண்டாம் கட்டத்துக்கு உலர்ந்த சூடு வேண்டும், 35 முதல் 40 டிகிரி, கூடவே மெல்ல நகரும் காற்று. சித்திரை, வைகாசிப் பகலில் தகரக் கூரை போட்ட அறை இதற்கென்றே கட்டியது. மற்ற மாதங்களில் ஒரு மரப்பெட்டிக்குள் மஞ்சள் பல்பும் சிறு விசிறியும் வைத்து, ஈரம் வெளியேற மேலே துளை விட்டால் போதும். பெட்டியானாலும் அறையானாலும் மூடியே இருக்க வேண்டும், ஏன் என்பது முதல் சில்லு எழும்போது புரியும்.

முதலில் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய "டிக்". கொஞ்ச நேரம் அமைதி. பிறகு இரண்டு, மூன்று. அதன்பின் நெருக்கமாக வரும் சத்தம் பல மணி நேரம் நீடிக்கும், சில சில்லுகள் ஒரு சாண் உயரம் துள்ளி விழும். அப்படி விழுந்த ஒன்றை இடுக்கியால் எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் தேன் நிற வஜ்ரம் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். கீழ்ப்பக்கம் காகிதத்தைவிட மெல்லிய கண்ணாடித் தகடு ஒட்டியிருக்கும், அதில் வளைவு வளைவாக வரிகள். பலகையில் அது இருந்த குழியில் அதே வரிகள் மறுபுறமாகப் பதிந்திருக்கும். அந்தத் தகட்டின் விளிம்பு சவரப் பிளேடைவிடக் கூர்மையானது. இரண்டாம் கட்டம் தொடங்கியதிலிருந்து கடைசிக் கழுவல் வரை கண்ணைக் காக்கும் கண்ணாடியும் தோல் கையுறையும் போட்டுக்கொண்டே இருங்கள். காலில் செருப்பு இல்லாமல் அந்த அறைக்குள் யாரும் வரக் கூடாது. குழந்தைகளும் நாயும் பூனையும் எட்டாத இடமாக இருக்கட்டும். காய்ந்த வஜ்ரத்தின் வாசனைக்கு எலியும் நாயும் தேடி வரும், தின்றால் உள்ளே போவது கண்ணாடி.

ஐப்பசி முதல் மார்கழி வரை, வடகிழக்குப் பருவமழையிலும் அதன் பின் பனியிலும், இந்த வேலையைத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம். வஜ்ரம் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப உறிஞ்சும். பாதி எழுந்த சில்லுகள் இரவில் இளகிப் படுத்துவிடும், மறுநாள் வெயிலுக்கு எழாது. அவசர வேலை என்றால் பெட்டியில் பல்பை அணைக்காமல் வையுங்கள். அதுவும் ஓரளவுக்குத்தான் உதவும்.

இரண்டு நாள் காய்ந்தும் சில திட்டுகள் எழாமல் நின்றால் கத்தியால் நோண்டாதீர்கள், கீறல் விழும். வெதுவெதுப்பான தண்ணீரில் பலகையை ஊறவைத்தால் மீதி வஜ்ரம் கரைந்து வரும். எழாத இடம் மணலடித்த வெண்மையோடு நிற்கும். அது தவறாகத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, வெண்மையும் தெளிவும் கலந்த பலகைகளைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முழுதும் உரிய வேண்டுமென்றால் மறுபடி லேசாக மணலடித்து, மறுபடி வஜ்ரம் ஊற்றுங்கள். இரண்டாம் முறை இலைகள் சிறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி விழும். கண்ணை அதிகம் மறைக்கும், வெளிச்சத்தை அதிகம் உடைத்துத் தெறிக்கவைக்கும். என் கண்ணுக்கு ஒருமுறை உரித்ததே அழகு. இரண்டு முறை உரித்ததில் இலையின் நடுநரம்பு தெரிவதில்லை.

கழன்ற சில்லுகளை மறுபடி வஜ்ரமாக்க முடியாது, உள்ளே கண்ணாடி இருக்கிறது. சாக்கடையிலும் விடாதீர்கள், ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும். தடித்த டப்பாவில் போட்டு மூடி, மேலே 'கண்ணாடித் தூள்' என்று எழுதிக் குப்பை எடுப்பவர் கையில் தனியாகக் கொடுங்கள். வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டால் அதைத் தூக்கும் கை கிழியும்.

தங்கம் பூசுவது

பெயர்ப்பலகை செய்கிறவர்களுக்கு இதுதான் ஆசைக்குரிய பகுதி. பலகையின் பின்புறத்தில் எழுத்தையோ கரையையோ உரித்து, அந்தக் குழிகளுக்குள் தங்கத் தாளை ஒட்டினால், முன்புறமிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு வரியும் வேறு வேறு கோணத்தில் ஒளியைத் திருப்பும். ஒட்டுவதற்கும் தோலோ எலும்போ தந்த அதே புரதம்தான். சுத்தமான ஜெலட்டினை மிகச் சிறிதளவு எடுத்து வெந்நீரில் கரைத்து, ஆறியதும் தூரிகையால் தாராளமாகப் பூசி, அந்த ஈரத்தின் மேல் தாளை விட வேண்டும். தண்ணீர் வடிந்து காயும்போது தாள் கண்ணாடியோடு இறுகும். குழிகளில் தாள் கிழியும், அதனால் இரண்டாம் தாள் போட்டு ஓட்டைகளை அடையுங்கள். காய்ந்ததும் பின்னால் கறுப்பு எனாமல் பூசிக் காப்பாற்றுங்கள். ஆம்பூரின் பிரியாணிக் கடைப் பெயர்களும் காலணிக் கடைப் பெயர்களும் இப்படி எழுதப்பட்டால் எப்படி இருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. ஃப்ளெக்ஸ் பேனர் சில வெயிலுக்கே வெளுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தங்கத்துக்கு வெயிலும் மழையும் எட்டாது.

வாடிக்கையாளரும் சட்டமும்

நம் ஊரில் இதற்கு முதலில் வரும் ஆர்டர் பூஜை அறைக் கதவாகத்தான் இருக்கும். வேலை தொடங்கும் முன், இது தோலிலிருந்து வரும் வஜ்ரம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கடைசியில் வஜ்ரம் முழுக்கக் கழுவப்பட்டு, வெறும் கண்ணாடி மட்டுமே நிற்கும் என்பதையும் சொல்லுங்கள். சிலர் சரி என்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்பவருக்குச் சாதாரண மணலடித்த கண்ணாடி செய்து கொடுங்கள். எந்த விலங்கின் தோல் என்று இன்னொரு வீட்டில் கேட்பார்கள். அதற்கும் விடை தெரிந்திருக்க வேண்டும், ஆகவே வஜ்ரம் வாங்கும் இடத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது உரித்த பக்கம் அறையின் உட்புறம் இருக்கட்டும். வரிகளில் தூசி தங்கும், தெருத்தூசி என்றால் மாதத்தில் மங்கிவிடும். சமையலறைக்குப் பக்கத்துக் கதவானால் எண்ணெய்ப் புகை படாத பக்கத்தில் வையுங்கள். சட்டத்தின் பள்ளத்தில் ரப்பர் பட்டை போட்டுக் கண்ணாடியை உட்காரவையுங்கள், ஆணியடித்த மரச்சட்டம் நேரே இறுக்கினால் மெலிந்த இடத்தில் விரிசல் ஓடும். துடைக்க மென்மையான தூரிகையும் சோப்புத் தண்ணீரும் போதும், துணி வரிகளில் சிக்கி நூல் விடும்.

மீதமுள்ள உலர் வஜ்ரத்தை மூடி இறுக்கிய டப்பாவில், சிறு துணியில் முடிந்த சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மழைக்காலம் முழுவதும் அந்த டப்பாவைத் திறக்காமல் இருந்தால், தை மாத வெயில் ஏறும்போது அதே சரக்கில் வேலையைத் தொடரலாம்.